பதினேழாம் எண் புதர்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலம்தானே? உன் சர்க்கரை எவ்வளவு என்று அண்ணியே எழுதட்டும். உன்னைக் கேட்டால் பாதியைத்தான் சொல்வாய்.

வாலு போய் மூன்று மாதம் ஆகிறது. கல்லூரியிலிருந்து அவளுடைய செடிக் குறிப்பேட்டை அனுப்பியிருக்கிறார்கள். நாற்பது செடி, நாற்பது பக்கம். அதைத் துறை நூலகத்தில் வைத்துக்கொள்ள அவள் பேராசிரியர் ஆசைப்படுகிறார். அதற்கு முன் அம்மா ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பலாம் என்று எழுதியிருந்தார்.

பார்த்தேன். முப்பத்தொன்பது பக்கம் முழுசாக இருக்கிறது. பதினேழாம் பக்கம் மட்டும் அரைகுறை. இலையின் படம் இருக்கிறது. பெயருக்கு எதிரே கேள்விக்குறி. பூவுக்கு எதிரே வெற்றிடம். காய்க்கு எதிரே மாதாமாதம் தேதி போட்டு, "இன்னும் இல்லை", "இன்னும் இல்லை" என்று எட்டுத் தடவை.

இருபத்தாறு வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். என் பெண்ணின் பக்கத்தைப் பாதியில் விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. அவள் தங்கியிருந்தது உன் வீட்டில், செடி இருப்பது உன் ஊர் மலையில். "வானிலைக் குடிலுக்குக் கீழே, இரண்டாவது வளைவு, தகரச் சீட்டு 17" என்று இடம் எழுதியிருக்கிறாள். நீ போய்ப் பார்த்து எழுது. அவள் போன பஸ் உருண்ட அந்தச் சாலையில் என்னால் ஏறி வர முடியாது அண்ணா.

போனில் சொல்லாதே. மணி அடித்தாலும் நான் இப்போது எடுப்பதில்லை.

உன் தங்கை


ஜனவரி 27

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உன் அண்ணன் உயிரோடு இருக்கிறேன். என் இரண்டு முட்டிகளும் உனக்குத் தனித்தனியே புகார்க் கடிதம் எழுதப்போவதாக மிரட்டுகின்றன. உன் உடம்பு இப்போது எப்படி? வாலு அன்றைக்கு அவ்வளவு பதறிக்கொண்டு கிளம்பினாளே, அந்தத் தலைச்சுற்றல் மறுபடி வந்ததா?

நான் மலைக்குப் போகிறேன் என்றதும் அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டி விடுறீங்க. வாசல்ல நிக்கிற செடி பேரு உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது. ஆனாலும் கடையைப் பூட்டிவிட்டு மூன்று கண்ணாடியோடு கிளம்பினேன். ஒன்று தூரத்துக்கு, ஒன்று கிட்டத்துக்கு, ஒன்று கௌரவத்துக்கு.

ஏறிய வேகத்தில் ஒரு செடியைக் கண்டுபிடித்துவிட்டேன். பாறை மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் அதன் இலையை நரம்பு நரம்பாக வரைந்தேன். ஆடு மேய்க்கிற அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்து, "அது மாங்கன்னு சார். நான்தான் கொட்டையைத் துப்பினேன்" என்றாள். படத்தை அவளுக்கே கொடுத்துவிட்டேன். ஆடு தின்றுவிட்டது.

உண்மையான பதினேழு, இரண்டாவது வளைவில் என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. இலை விரல் நீளம், ஒல்லி, வார்னிஷ் அடித்தது போல் பளபளப்பு. தொட்டால் பிசுபிசுக்கிறது. விரலில் ஒட்டி, கண்ணாடியில் ஒட்டி, வீட்டுக்கு வந்து அண்ணியின் துண்டில் ஒட்டி, அதன் விளைவுகளை நான் எழுத விரும்பவில்லை. தகரச் சீட்டு புத்தம் புதிதாக இருக்கிறது. கம்பியும் புதிது. சுற்றிலும் யாரோ களை பிடுங்கியிருக்கிறார்கள். பூவும் இல்லை, காயும் இல்லை.

மேலே வானிலைக் குடிலில் ஓர் ஆள் தண்ணீர் கொடுத்தான். முப்பது வயதிருக்கும். தினமும் காலையில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று அளந்து பேரேட்டில் எழுதுவதுதான் உத்தியோகம். மழையே இல்லாத நாளில் பூஜ்யம் எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். இப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்று என் இளமையில் யாரும் சொல்லவில்லையே! ஆனால் ஆள் பேசுவதும் மில்லிமீட்டரில்தான். நான் அவனுக்கு மழைக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

முட்டிகள் சார்பாக,
அண்ணன்


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். முட்டிக்கு ஒத்தடம் கொடு.

இலை ஒட்டியது என்று எழுதினாயே, அதற்குப் பத்துக்கு ஆறு. மாங்கன்றுக்காக இரண்டைக் குறைத்துவிட்டேன்.

அது விராலியாகத்தான் இருக்கும். காய்ந்த சரிவில், கல்மேட்டில் எங்கும் முளைப்பது. அந்த ஆட்டுக்காரம்மாளைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பாள். வாலுவுக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் அவள் பேராசிரியர் ஒரு விதி வைத்திருக்கிறார். சீட்டுக் கட்டிய அதே செடியில் பூவையும் காயையும் கண்ணால் பார்த்த பிறகுதான் பெயர் எழுத வேண்டும். பக்கத்துச் செடியைப் பார்த்து எழுதினால் தாளையே கிழித்துவிடுவாராம். அதனால்தான் கேள்விக்குறி என்று நினைக்கிறேன்.

இனி பூக்கும் காலம். விராலிப் பூவுக்கு இதழ் கிடையாது. நீ பூ என்று நினைப்பது பூவாக இருக்காது. கடையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போ.

அண்ணியின் துண்டுக்கு நான் வருத்தம் தெரிவித்ததாகச் சொல்.

உன் தங்கை


மார்ச் 3

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். தலைச்சுற்றலைப் பற்றி நீ பதிலே எழுதவில்லை. ஒழுங்காக டாக்டரிடம் போ.

மூன்று தடவை ஏறினேன். முதல் இரண்டு தடவையும் பூ இல்லை என்று இறங்கினேன். மூன்றாம் தடவை மழைக்காரன் கூடவே இறங்கி வந்தான்.

"சார், உங்க சட்டைக் கையில ஒட்டியிருக்கிறதுதான் பூ."

"இதுவா? ஏதோ பூச்சி முட்டைன்னு தட்டி விட்டுக்கிட்டிருந்தேன்யா!"

"எட்டு மகரந்தத்தாள் இருக்கும் சார். எண்ணிப் பாருங்க."

பூதக்கண்ணாடியை வைத்து எண்ணினேன். எட்டு! பச்சையும் மஞ்சளுமாகப் பொடிப் பொடியாக, மகரந்தத்தாளைத் தவிர உள்ளே வேறொன்றும் இல்லை. நீ வகுப்பில் பலகையில் வரைவாயே சூலகம், அது போல எதுவும் தட்டுப்படவில்லை. கண்ணாடி துடைக்கிற காகிதத்தில் ஒரு கைப்பிடி மடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

"மழை அளக்கிறவனுக்கு மகரந்தத்தாள் எப்படிய்யா தெரியும்?" என்று கேட்டேன். "மழை இல்லாத நாள்ல வேற என்ன சார் வேலை" என்றான்.

ஒரு துப்பு கிடைத்திருக்கிறது, கேள். குடிலில் ஒரே ஆள். கட்டில் ஒன்று, தட்டு ஒன்று. ஆனால் ஆணியில் தொங்குகிற டம்ளர் இரண்டு! இரண்டாவது டம்ளர் யாருடையது என்று உன் அண்ணன் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை. அண்ணி, "செடியைப் பார்க்கப் போனீங்களா, சம்பந்தம் பேசப் போனீங்களா?" என்கிறாள்.

துப்பறியும்
அண்ணன்


மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்.

பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தேன். முப்பத்திரண்டு பூ. எல்லாமே ஆண் பூ. விராலியில் பெரும்பாலும் ஆண் தனிச் செடி, பெண் தனிச் செடி. நூறு வருடம் காத்திருந்தாலும் ஆண் செடி காய்க்காது. இது முதல் பூவிலேயே தெரிந்துவிடும்.

சுற்றுவட்டாரத்தில் வேறு விராலி இருக்கிறதா? எவ்வளவு தூரத்தில்? காய்க்கும்போது போய்ப் பார்த்து எழுது. அவசரம் இல்லை.

உன் தங்கை


ஏப்ரல் 21

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. கை வலியா?

மலையைப் பார்க்க வேண்டுமே! "பூத்துவிட்டது, பூத்துவிட்டது" என்று ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு குடிலுக்கு ஓடினேன். மழைக்காரன் பார்த்துவிட்டு, "இது காய் சார்" என்றான். மூக்குடைபடுவது எனக்குப் புதிதில்லை. கண்ணாடிக் கடைக்காரனுக்கு மூக்குதானே மூலதனம். காகிதம் போல மூன்று இறக்கை, கருஞ்சிவப்பு, கொத்துக் கொத்தாக. சரிவு முழுக்க இதுதான்.

தூரம் கேட்டாயே. அடுத்த செடி நாலே அடி. காய் தாங்காமல் சாய்ந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் ஐந்தடியில் இன்னொன்று. நம் பதினேழு மட்டும் நடுவில் கட்டைப் பிரம்மச்சாரி மாதிரி நிற்கிறது. இவ்வளவு இருக்க, வாலு எதற்காக இதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்? மழைக்காரனைக் கேட்டேன். "மழைமானியைப் பார்க்கணும் சார்" என்று எழுந்து போய்விட்டான். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மேகம் என்று பேருக்கு ஒரு துண்டு இல்லை, இவன் மழைமானியைப் பார்க்கப் போகிறானாம்! வெளியில் போய் அதன் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

ஒரு யோசனை. சீட்டை அவிழ்த்து நாலடி தள்ளிக் கட்டிவிடட்டுமா? பக்கம் முடிந்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது?

அண்ணன்


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்.

சீட்டைத் தொடாதே. பார்த்தது போதும். இனி மேலே போக வேண்டாம். வெயில் காலம், உன் முட்டியும் சரியில்லை. அந்த மழைக்காரனிடமும் எதையும் துருவிக் கேட்காதே. அவனுக்கு வேலை இருக்கும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


ஜூன் 17

அன்புள்ள தங்கைக்கு,

நலம். மேலே போயிருந்தேன். செடி நன்றாக இருக்கிறது. காயெல்லாம் உதிர்ந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

போன வருடம் செப்டம்பர் கடைசியில் உனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். அது உன்னிடம் இருக்கிறதா?

அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ நலமா? அண்ணி நலமா? கடை எப்படி நடக்கிறது? கடிதம் ஏன் கால் பக்கம்? சர்க்கரை ஏறிவிட்டதா?

நான் யார் கடிதத்தையும் எடுத்து வைப்பதில்லை. அலமாரியில் இடம் இல்லை.

இந்தத் தடவை நீ ஒருவரைப் பற்றியும் வம்பு எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் தலைமையாசிரியை நேற்று தன் கண்ணாடியை அரை நாள் தேடினாள். மூக்கின் மேலேயே இருந்தது. அவளுக்குப் பயந்து நாங்கள் யாரும் சொல்லவில்லை, கூடச் சேர்ந்து தேடினோம். உனக்குப் பிடிக்கும் என்று எழுதினேன்.

பதில் எழுது. ஏதாவது எழுது.

உன் தங்கை


செப்டம்பர் 5

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். இரண்டு மாதமாக நான் எழுதாமல் இல்லை. ஏழு கடிதம் எழுதி ஏழையும் கிழித்துவிட்டேன். அண்ணிகூடக் கேட்டாள்: "கடையில ஒரு கண்ணாடி உடைஞ்சாலும் ஊருக்கே தண்டோரா போடுற ஆளு. இப்ப என்ன, வாயைத் தெச்சு வெச்ச மாதிரி?"

வேண்டாம் என்று நீ சொன்னதால்தான் ஜூனில் போனேன். என் புத்தி உனக்குத் தெரியும். மழைக்காரன் வாசலில் உட்கார்ந்து பேரேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நான் பல்லை இளித்துக்கொண்டு, "தம்பி, இன்னிக்கு உண்மையைச் சொல்லியே ஆகணும். அந்த ரெண்டாவது டம்ளர் யாருக்கு?" என்று கேட்டேன்.

பேரேட்டை மூடி வைத்தான். "உங்க வீட்டுப் பொண்ணுக்குத்தான் சார்" என்றான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. "காய் வந்ததும் நம்ம விஷயத்தை அம்மாகிட்ட சொல்லிடுறேன்னு சொல்லுவாங்க சார். ஒவ்வொரு மாசமும் சீட்டைத் திருப்பிப் பார்த்துட்டு, இன்னும் வரலைன்னு சிரிப்பாங்க. அது காய்க்காதுன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அவங்களுக்கு மொதல்லேயே தெரியும். அம்மான்னா அவங்களுக்கு உயிரு. அவ்வளவு பயமும்கூட."

கடைசி நாளைப் பற்றிக் கேட்டேன். மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்து ஐந்தே நிமிடம் நின்றாளாம். "அம்மா உடனே வரச் சொல்லிட்டாங்க, யாரோ என்னமோ எழுதிட்டாங்கன்னு சொன்னாங்க சார். நாளைக்குப் போங்கன்னு கெஞ்சினேன். கேக்கலை." பேரேட்டைத் திருப்பி அந்தத் தேதியைக் காட்டினான். நூற்று நாற்பத்து மூன்று மில்லிமீட்டர். அவனேதான் அளந்திருக்கிறான்.

"யார் எழுதினாங்களாம்?" என்று கேட்டேன்.

அவன் எனக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்காக உள்ளே போய்விட்டான்.

போன செப்டம்பரில் நான் உனக்கு எழுதிய அந்த வரி எனக்கு மனப்பாடம். "வாலு வாரத்துக்கு நாலு தடவை மலை ஏறுகிறாள். அந்தச் செடிக்கு மீசை கீசை முளைத்திருக்கிறதா என்று ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்." எனக்கு ஒன்றும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தாளின் அடியில் இரண்டு அங்குலம் மிச்சம் இருந்தது. அதை நிரப்ப ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது. உறையை ஒட்டுவதற்கு முன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "அதை அடிச்சிருங்க, அவ பயந்துக்குவா" என்றாள். நல்ல வரியை யாராவது அடிப்பார்களா என்று ஒட்டிவிட்டேன்.

அன்றைக்கு நான் கடையிலிருந்து வந்தபோது வாலு பெட்டி கட்டி வைத்திருந்தாள். "அம்மாவுக்குத் தலை சுத்துதாம் மாமா" என்றாள். குடை பிடித்துக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டதும் நான். ஒருத்தரிடம் சண்டை போட்டு ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக் கொடுத்ததும் நான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்குத் தெரியும், இல்லையா? தெரிந்துகொண்டேதான் இந்தப் பதினோரு மாதமும் என் முட்டியை விசாரித்தாயா?

அண்ணன்


அக்டோபர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

உன் கடிதம் என்னிடம் இருக்கிறது. எல்லாமே இருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது நான் முதலில் சிரித்தேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் என்ன என்ன என்று கேட்க, சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும், "பொண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான், என் சிரிப்பு நின்றுவிட்டது. வாலுவின் அப்பா போன நாளிலிருந்து யாராவது அப்படிச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் வளர்த்தேன்.

போன் செய்தேன். நீ கடையில் இருந்தாய், அண்ணி வெளியே போயிருந்தாள், வாலுவே எடுத்தாள். மாமா எழுதியிருக்கிறார், உடனே கிளம்பி வா என்றேன். "அம்மா, இங்க மழை கொட்டுதும்மா. நாளைக்கு வரேன். ஒரே ஒரு நாள்மா" என்றாள்.

"மழை எல்லா ஊர்லயும்தான் பெய்யுது. இந்த நிமிஷம் கிளம்பு" என்றேன். போனை வைத்துவிட்டாள். எனக்குத் தலைச்சுற்றல் என்று உன்னிடம் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.

உன்னைக் காப்பாற்றத்தான் நான் மறைத்தேன் என்று நினைத்துவிடாதே. உன் வரியைச் சொன்னால் என் வரியையும் சொல்ல வேண்டும். நீ எழுதியது சிரிப்பதற்கு. நான் சொன்னதைக் கேட்டு யாரும் சிரிக்க முடியாது.

மார்ச்சில் அந்த முப்பத்திரண்டு பூவைப் பார்த்தபோதே ஏதோ தட்டியது. அவள் ஏன் பூவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை என்று புரிந்தது. எழுதியிருந்தால் பேராசிரியர் அன்றே வேறு செடிக்கு அவளை அனுப்பியிருப்பார். ஏப்ரலில் நீ, காய்க்கிற செடி "நாலே அடி" என்று எழுதினாய். அன்று வகுப்பில் பாடம் நடத்த முடியவில்லை. ஜூனில் நீ மழைக்காரனைப் பற்றி எழுதுவதையே நிறுத்திவிட்டாய். ஒருவரைப் பற்றி நீ வம்பு பேசவில்லை என்றால் அதற்கு எனக்கு அர்த்தம் தெரியும்.

நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டேன் அண்ணா. கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. என் பெண் எனக்குப் பயந்து, காய்க்காத செடியின் அடியில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

குறிப்பேட்டை நேற்று அனுப்பிவிட்டேன். பூவுக்கு எதிரே நீ பார்த்ததை எழுதினேன். காய்க்கு எதிரே அவள் எழுதியது அப்படியே இருக்கிறது. பெயரை எழுதவில்லை. விதி விதிதான்.

அந்தப் பிள்ளையை என்னிடம் ஒருமுறை அனுப்பி வை. அவன் இடத்தில் மழையை அளக்க ஆள் கிடைத்ததும் வரட்டும். அந்த எட்டு மாதத்தில் அவள் எப்படி இருந்தாள், என்ன பேசினாள், எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். அவனைத் தனியாக அனுப்பாதே. பேசுகிறவன் இல்லை என்கிறாய், நானும் பேசத் தெரியாதவள். பேச ஓர் ஆள் வேண்டும். நீயும் கூட வா.

அங்கே மழை தொடங்கியிருக்கும். அந்தச் சாலையில் பஸ் வேண்டாம். மலைக்கு மறுபக்கம் இறங்கி ரயிலில் சுற்றி வாருங்கள். ஒரு நாள் கூடுதலாகும். ஆகட்டும்.

உன் தங்கை